தரையில் கலைந்த கணக்கு

பல்லாங்குழிச் சோழிகளைக் கொஞ்ச நாளைக்குக் கொடு என்று கேட்டதும் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வயசுல யாரோட ஆடப் போறே?"

ஆடுவதற்கு இல்லை, கிரகணம் கணிக்க என்றேன். "அதுக்குத்தான் பஞ்சாங்கம் இருக்கே" என்று முனகிக்கொண்டே பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்துக் கொடுத்தாள். ஓரங்கள் தேய்ந்து மஞ்சள் பாரித்த சோழிகள். ஒரு காலத்தில் குழியில் நாலு சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளிக்கொள்ளும் வேகத்தில் எங்கள் வீட்டில் அத்தையை யாரும் ஜெயித்ததில்லை. இப்போது எதிரில் உட்கார ஆள் இல்லாததால் பையும் பீரோவிலேயே கிடந்தது.

மாடிப்படிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஏழு பத்திகள் வரைந்தேன். வலது ஓரம் ஒன்றுகள், அடுத்தது பத்துகள், அப்படியே பத்து லட்சம் வரைக்கும். முதலில் வைக்க வேண்டிய எண் 17,99,312. அதற்கு 32 சோழி போதும். அதிலிருந்து 16,00,984ஐக் கழிக்க வேண்டும். காகிதத்தில் அரை நிமிட வேலை. தரையில், ஒன்றுகள் பத்தியில் கிடப்பது இரண்டு சோழி, எடுக்க வேண்டியதோ நாலு. பக்கத்துப் பத்தியிலிருந்து ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டு, பையிலிருந்து பத்தை எண்ணி இங்கே வைத்து, பிறகு நாலை நீக்க வேண்டும். இப்போது பத்துகள் பத்தி காலி. அங்கே எட்டு எடுக்க வேண்டும். மறுபடி கடன். நூறுகளிலும் கடன். மூன்று முறை கடன் வாங்கி நிமிர்ந்தபோது முழங்கால் வலித்தது. தரையில் 1,98,328 இருந்தது.

சரிதானா என்று திரும்பிப் பார்க்க நினைத்தால், பார்க்க ஒன்றுமே இல்லை. முதலில் வைத்த எண் போய்விட்டது. கழித்த எண் எங்கும் வைக்கப்படவே இல்லை. மிச்சம் மட்டும் கிடக்கிறது. சந்தேகம் வந்தால் ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆரம்பிப்பதற்கு முன்னால் காபி குடித்துவிட்டு வரலாம் என்று போனேன். வருவதற்குள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா அந்த இடத்தைப் பெருக்கி, சோழிகளைச் சுவரோரம் குவித்து வைத்திருந்தார். "புள்ளைங்க வந்திருக்காங்களா?" என்றார்.

*

அந்த 17,99,312 கலியுகம் பிறந்ததிலிருந்து 1825 மே 31 காலை வரை கழிந்த நாள்களின் எண்ணிக்கை. அன்றிரவு ஒரு சந்திர கிரகணம். அதைக் கணிக்கும் முறையைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் ஜான் வாரன் என்பவருக்குச் செய்து காட்டினார். தரையில் சோழி வைத்து, தாள் இல்லாமல், எழுதுகோல் இல்லாமல், அட்டவணைகளையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு.

வாரன் சுவாரசியமான ஆள். ஐரிஷ் வழிவந்த பிரெஞ்சுக்காரர். பிரான்ஸில் புரட்சி வந்தபின் இந்தியாவுக்கு வந்து, பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, லாம்டன் என்பவர் நடத்திய நில அளவையில் வேலை பார்த்து, சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் நடத்தியவர். கடைசிக் காலத்தில் புதுச்சேரியில் தங்கி, அங்கேயே 1830இல் இறந்தார். தென்னிந்தியர்கள் காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பற்றி அவர் எழுதிய 'கால சங்கலிதா' 1825இல் சென்னையில் அச்சாயிற்று. பஞ்சாங்கக்காரரின் பெயரை அவர் அதில் பதிந்திருக்கிறார்: 'சாமி நாடன் சஷ்யா'. சாமிநாதனா, சேஷய்யாவா, இரண்டும் சேர்ந்ததா? ஒரு வெள்ளைக்காரக் காது கேட்டு, ரோமன் எழுத்தில் விழுந்து, அச்சுக்கோப்பவர் கை பட்டு வந்த பெயர் இது. அவரைப் பற்றி நம்மிடம் இருப்பது இந்த உடைந்த பெயரும், ஊரும், தொழிலும், கூடவே வாரன் எழுதிய ஒரு மதிப்புரையும்தான். அந்த மதிப்புரையின் சாரம் இது: இவருக்கு இந்து வானியலின் கோட்பாடு ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனால் நினைவாற்றல் அபாரம், கணக்கின் படிகளை மனதிலும் தரையிலும் தெளிவாக அடுக்கிக்கொள்கிறார்.

பல வருஷங்களாக இந்த வரியை நான் பாராட்டும் குட்டும் கலந்த ஒன்றாகத்தான் படித்துவந்தேன். சோழிகளோடு உட்கார்ந்த பிறகுதான், வாரன் என்ன பார்த்தார், என்ன பார்க்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

கணக்கைத் தொடர்கிறேன். 16,00,984 என்பது 1282ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் தேதியைக் குறிக்கும் கலி நாள். வாக்கியக் கணக்கு அங்கிருந்து புறப்படுகிறது. மிச்சமான 1,98,328ஐ 12,372ஆல் வகுத்தால் 16 முறை போகும், மிச்சம் 376. அடுத்து 3,031ஆல் வகுக்க வேண்டும், போகாது. அடுத்து 248ஆல்: ஒரு முறை, மிச்சம் 128. ஆக, சந்திரனின் இடத்தை நாளுக்கு ஒன்றாகச் சொல்லும், மனப்பாடமாக இருக்கும் 248 வாக்கியங்களில் 128ஆவதைச் சொன்னால் அன்றைய சந்திரனின் இடம் ஏறக்குறையக் கையில் வந்துவிடும். கழிந்த சுற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 542 ஆண்டுகள் 16 சுற்றுக்குள் சுருண்டுவிட்டன. தரையில் அந்தப் பதினாறு வெறும் ஏழு சோழி: பத்துகளில் ஒன்று, ஒன்றுகளில் ஆறு.

ஏன் 248? சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வேகம், தொலைவில் மந்தம். மந்தத்திலிருந்து புறப்பட்டு மறுபடி மந்தத்துக்கு வர 27.55 நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. ஒன்பது முறை அப்படி வந்தால் 247.99 நாள், ஏறத்தாழ முழு எண். 110 முறைக்கு 3,031 நாள், இன்னும் நெருக்கம். இந்தச் சுற்றுகளுக்குப் பெயர்கள் உண்டு: 248க்குத் தேவரம், 3,031க்குக் கலாநிலம், 12,372க்கு ரசகேரிகை. கடபயாதி முறையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண். தே எட்டு, வ நாலு, ர இரண்டு. பின்னாலிருந்து படித்தால் 248. க ஒன்று, லா மூன்று, நி சைபர், ல மூன்று, பின்னாலிருந்து 3031. பெயரே எண், எண்ணே பெயர். தனியாக ஒரு அட்டவணையைத் தூக்கித் திரிய வேண்டியதில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சிக்கல் இருக்கிறது. கடபயாதியில் வடமொழியின் நான்கு த-க்களுக்கும் வெவ்வேறு எண்: 6, 7, 8, 9. தமிழ் எழுத்தில் எல்லாம் ஒரே 'த' தான். 'தேவரம்' என்று தமிழில் எழுதிவைத்தால் அது 248ஆ, 246ஆ என்று ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிரந்தத்தில் எழுத வேண்டும், அல்லது சரியாக உச்சரிக்கும் வாய் ஒன்று வேண்டும். இந்தக் கணக்கில் எட்டுக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்த்ததில் நாக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

*

வாரனின் புத்தகம் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் தூங்கியது. அதைத் தட்டி எழுப்பியவர் ஓட்டோ நொய்கபவர். ஆஸ்திரியாவில் பிறந்து, கணிதத்தில் தொடங்கி, களிமண் பலகைகளின் ஆப்பெழுத்தைப் படிக்கக் கற்று, பாபிலோனிய வானியலை உலகத்துக்குக் காட்டியவர். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1951இல் 'ஐசிஸ்' இதழில் அவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். சோதிடம், சகுனம் என்று 'உருப்படாத' பண்டங்களைப் படிப்பதற்கான நியாயம் அது. அறிவியல் வரலாறு என்ற துறைக்கே தந்தையைப் போன்றவரான ஜார்ஜ் சார்டன் ஒரு சோதிட நூலைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டதற்கு அது பதில். சார்டன் நிறுவிய இதழிலேயே சார்டனுக்கு மறுப்பு வந்தது. அடுத்த ஆண்டு, அதே சார்டன் தொடங்கிய 'ஓசிரிஸ்' இதழில், 'தமிழ் வானியல்' என்ற தலைப்பில் நொய்கபவரின் நீண்ட ஆய்வு வெளியாயிற்று. புதுச்சேரிச் சோழிகள் அப்படித்தான் உலக வரலாற்றுக்குள் வந்தன.

அவர் கண்டது மயிர்க்கூச்செறிய வைப்பது. இதே 248, இதே 3,031, மூன்றாம் நூற்றாண்டில் ரோம ஆட்சிக்குட்பட்ட எகிப்தில் எழுதப்பட்ட ஒரு கிரேக்கப் பாப்பிரஸில் இருக்கிறது. 248 அதற்கும் முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருக்கிறது. வராகமிகிரர் வழியாக ஆறாம் நூற்றாண்டு இந்தியாவில் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு கயிறு. அதன் ஒரு நுனி யூப்ரடிஸ் கரையில், மறு நுனி புதுச்சேரியில் ஒரு தரையில்.

அந்தக் கட்டுரையை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் இப்போது அதைப் படிக்கையில் ஒன்று உறுத்துகிறது. நொய்கபவருக்கு அந்தப் பஞ்சாங்கக்காரர் ஒரு சாட்சி, கல்லில் பதிந்த நத்தை ஓடு மாதிரி. ஓடு எந்தக் காலத்தது, எந்தக் கடலில் இருந்து வந்தது என்பதே அவர் கேள்வி. நத்தை எப்படி நகர்ந்தது என்பது கேள்வியே இல்லை. கோட்பாடு தெரியாதவர் என்று வாரன் சொன்னதை நொய்கபவரும் மறுக்கவில்லை. சொல்லப்போனால், தெரியாததுதான் அவருக்கு வசதி. புரிந்துகொண்டவன் மாற்றிவிடுவான், புரியாதவன் அப்படியே காப்பாற்றித் தருவான் அல்லவா?

அறிவியல் வரலாற்றை ஆராய்வதில் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வந்திருக்கும் மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னால், நத்தை எப்படி நகர்ந்தது என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பேன். யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற கேள்வியின் மவுசு குறைந்திருக்கிறது. யார் செய்தார், எந்தக் கையால், எந்தப் பொருளை வைத்து, பக்கத்தில் யார் நின்றார் என்ற கேள்விகள் வந்திருக்கின்றன. ராபர்ட் பாயிலின் காற்றுப் பம்பை இயக்கியவர்கள் பாயிலின் எழுத்தில் ஏன் தென்படுவதில்லை என்று ஸ்டீவன் ஷேப்பின் 1989இல் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் சிலர் தாங்களே செய்துபார்க்கவும் இறங்கினார்கள்.

ஓட்டோ சிபும் என்ற ஜெர்மானியர் ஜூலின் துடுப்புச்சக்கரச் சோதனையைத் திரும்பச் செய்தார். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: எடைகள் இறங்கும், துடுப்பு சுழன்று தண்ணீரைக் கலக்கும், தண்ணீர் சூடாகும். எவ்வளவு சூடாகும்? எடைகளை இருபது முறை ஏற்றி ஏற்றி இறக்கியும் அரை டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அறையில் மனிதன் நின்றால் அவன் உடம்புச் சூடே கணக்கைக் கெடுத்துவிடும் என்பது செய்துபார்த்தபோதுதான் சிபுமுக்குத் தெரிந்தது. அப்படியானால் ஜூலுக்கு மட்டும் எப்படி முடிந்தது? ஜூல் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்டில் அவர்களுக்கு மதுவாலை இருந்தது. வெப்பமானியை நுணுக்கமாகப் படிப்பது அந்தத் தொழிலின் அன்றாடம். ஜூலின் கட்டுரையில் இந்தத் திறமை ஒரு வரியாகக்கூட இல்லை. எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. மூச்சு விடுவதை யார் எழுதுகிறார்கள்?

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பமேலா ஸ்மித் 2014இல் தொடங்கிய வேலை இன்னும் வினோதமானது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், தூலூஸ் வட்டாரத்தில், பெயர் தெரியாத ஒரு கைவினைஞர் எழுதிவைத்த பிரெஞ்சுக் குறிப்பேடு ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. வார்ப்பு, சாயம், வார்னிஷ், பல்லியையும் பாம்பையும் அச்செடுத்து உலோகத்தில் வார்ப்பது, எல்லாம் கலந்த குறிப்புகள். அதில் ஒன்று, ரொட்டியின் நடுச்சதையில் பொருளை அழுத்தி அச்செடுத்துக் கந்தகம் வார்ப்பது. அறிஞர்கள் அதைப் படித்து, மொழிபெயர்த்து, அடிக்குறிப்பு எழுதி நகர்ந்துபோயிருக்கலாம். ஸ்மித்தின் மாணவர்கள் செய்யப் போனார்கள். போனால் முதல் கேள்வி: எந்த ரொட்டி? இன்றைய கடை ரொட்டி வேறு. பழைய மாவுப் புளிப்பு வளர்த்து, ரொட்டி சுட்டு, அதன் சதை விரலுக்கு எந்தப் பதத்தில் இருந்தால் அச்சு நிற்கும் என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அறிவியல் வரலாற்று முதுகலை மாணவர் ஒருவர் மாவு பிசைவதை நினைத்துப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. அந்தக் கைவினைஞருக்கு ரொட்டி என்றால் என்ன என்று விளக்கத் தேவை இருக்கவில்லை. அடுத்த தெருவில் வாங்கியிருப்பார். நமக்கோ அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஓர் அடுப்பு, ஒரு மாவு மில், ஒரு ஊர் தேவைப்படுகிறது. 2020இல் அந்தக் குறிப்பேட்டின் இணையப் பதிப்பு வந்தபோது, உரைக்குப் பக்கத்தில் இந்தச் சோதனைகளின் கட்டுரைகளும் இருந்தன.

*

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே இந்தப் பார்வையை நான் முழுமையாக உணர்ந்தது த. செந்தில்பாபுவின் ஆராய்ச்சியில். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்தபடி அவர் செய்த வேலை 2022இல் கணிதமும் சமூகமும் பற்றிய ஆங்கில நூலாக வந்தது. கணித வரலாறு என்றால் ஆரியபட்டர், பாஸ்கரர், மாதவர் என்று பெரிய பெயர்களைக் கோர்ப்பதுதான் வழக்கம். அவர் எடுத்துக்கொண்டது திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், கணக்கதிகாரம். கூலி, வட்டி, நிலம், நெல், மரக்கால், பொன் எடை என்று புழங்கிய கணக்கு. அதைச் சொல்லிக்கொடுத்தவர், கற்றவர், அந்தக் கணக்கால் அளக்கப்பட்டவர் எல்லோரும் அதில் வருகிறார்கள். கணக்கன் ஏட்டில் எழுதுமுன் கோல் பிடித்து வயலில் நடந்தவன் ஒருவன் இருந்தான், அவனுக்கும் எண்ணத் தெரியும் என்ற செய்தி எனக்கு அந்த நூலில் கிடைத்தது.

எண்சுவடியைப் பற்றி அவர் சொல்வதில் ஒன்று வாரனுக்கு நேர்ப் பதில் மாதிரி இருக்கிறது. மனப்பாடம் என்பது புரிதலுக்கு எதிரி என்று நாம் பள்ளிக்கூடத்தில் கற்றுவிட்டோம். 'குருட்டு' என்ற அடைமொழி இல்லாமல் அந்தச் சொல் நமக்கு வருவதே இல்லை. திண்ணையில் நினைவு என்பது ஒரு வேலை முறை. பின்னங்களையும் பெருக்கல்களையும் சேர்ந்து உரக்கச் சொல்லி ஏற்றிக்கொள்வது, கணக்கு எதிரில் வந்து நிற்கையில் எந்த வரியை எப்போது எடுப்பது என்ற பழக்கத்தோடு பிணைந்தது. எடுக்கத் தெரியாதவனுக்கு மனப்பாடம் பிரயோசனப்படாது. (மாணவனே மாணவனுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் மணலில் எழுதும் பழக்கத்தையும் ஆண்ட்ரூ பெல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 'மெட்ராஸ் முறை' என்று பெயரிட்டு விற்றார். அதே திண்ணையைப் பற்றிப் பின்னால் வந்த அதிகாரிகள் என்ன எழுதினார்கள் என்பது தனிக் கதை.)

இதை வைத்துக்கொண்டு புதுச்சேரித் தரைக்குத் திரும்பினால், வாரன் 'கோட்பாடு' என்று எதைத் தேடினார் என்று கேட்கத் தோன்றுகிறது. ஏன் 248 என்று கேட்டிருப்பார். நான் மேலே எழுதிய மாதிரி, சந்திரனின் மந்த வேகம், ஒன்பது சுற்று, முழு எண் என்று பதில் எதிர்பார்த்திருப்பார். பஞ்சாங்கக்காரர் பதில் சொல்லாமல் அடுத்த சோழியை நகர்த்தியிருப்பார். எதை எங்கே வகுப்பது, மிச்சம் எந்த வாக்கியத்தைக் கூப்பிடும், எந்தத் திருத்தத்தை எப்போது சேர்ப்பது, இதெல்லாம் அவருக்குத் தெரியும். என்னைப் போல மூன்று கடனில் மூச்சு வாங்கவில்லை. இதற்குத் தெரியாமை என்று பெயர் வைத்தால், ஜூலின் கண்ணுக்கும் அதே பெயர்தான் வைக்க வேண்டும்.

வாரனுக்கு அரை நூற்றாண்டு முன்னால் அதே ஊரில் இன்னொரு பிரெஞ்சுக்காரர் இதே காட்சியைப் பார்த்திருக்கிறார். லெ ஜாந்தில். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760இல் புறப்பட்டு, வருவதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட, 1761 கடப்பைக் கப்பல் தளத்திலிருந்து பார்த்து, அளக்க முடியாமல் தவித்தவர். அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் காத்திருந்து, இடிந்த கோட்டைக்குள் வானாய்வகம் கட்டி, 1769 ஜூனில் அந்தக் காலை மேகம் மூடியதைப் பார்த்து நின்றவர். ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று சொத்தைப் பங்குபோட வாரிசுகள் கிளம்பியிருந்தார்கள். இவ்வளவு துரதிர்ஷ்டத்துக்கு நடுவில் அந்த மனிதர் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரிடம் கணக்கு கற்றுக்கொண்டார் என்பதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். சோழிக் கணக்கு ஐரோப்பியக் கணக்கைவிட வேகமானது என்று ஒப்புக்கொள்கிறார். அதன் குறையையும் சொல்கிறார்: போகப் போக அழிந்துவிடுகிறது, திரும்பிப் போய்ச் சரிபார்க்க வழியில்லை, சேர்த்துவைக்கவும் முடியாது. ஆனால் அவர்கள் தவறுவது அபூர்வம், அப்படி ஒரு நிதானம் என்கிறார். என் மாடிப்படித் தரையில் நான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டதை அவர் 250 வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார். நான் அதை முன்பே படித்தும் இருந்தேன். படித்ததற்கும் முழங்கால் வலித்ததற்கும் நடுவில் ஏதோ இருக்கிறது.

லெ ஜாந்தில் விட்டுப்போன ஓர் எண் இன்று வாட்ஸாப் குழுக்களில் சுற்றுகிறது. 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் நீளத்தைத் தமிழர் கணித்ததில் பிழை 41 நொடி குறைவு. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையதில் 68 நொடி கூடுதல். பார்த்தீர்களா என்று அதோடு ஒரு வேல் படம். அந்தக் குழுக்கள் 1825 கிரகணத்தின் எண்களை ஒருபோதும் அனுப்புவதில்லை: தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகு. மரபை ஏளனம் செய்ய விரும்பும் பகுத்தறிவு நண்பர்களோ இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஊர் ஒன்று, கைமுறையும் அதே வகை. ஒரு கிரகணத்தில் பொருந்தி வந்தது, இன்னொன்றில் விலகியது. ஒன்றிரண்டு கிரகணத்தை வைத்து ஒரு மரபைத் தராசில் நிறுத்துவது வேடிக்கைதான். எனக்கு இதில் பெரிய கோபம் கிடையாது, அலுப்புதான். பெருமைக்காரரும் ஏளனக்காரரும் நொடிக் கணக்கைப் பேசிவிட்டுப் போகிறார்கள். தரையில் உட்கார்ந்தவரை இருவரும் பார்க்கவில்லை. பெருமைக்காரர் அவரை ரிஷியாக்கிவிடுகிறார். ரிஷிக்குக் கூலி, பிள்ளைகள், முழங்கால் எதுவும் தேவையில்லை.

*

செய்துபார்ப்பதை நான் பெரிதாகப் புகழவும் தயாராக இல்லை. அதில் ஒரு மயக்கம் இருக்கிறது. ரொட்டி சுட்டுவிட்டால் பதினாறாம் நூற்றாண்டு கைக்கு வந்துவிடாது. நான் சோழி வைத்தபோது எனக்குப் பத்திகள் தேவைப்பட்டன, சாக்பீஸ் தேவைப்பட்டது, பக்கத்தில் கைபேசியில் விடை தயாராக இருந்தது. தப்பாகக் கணித்தால் எனக்கு ஒன்றும் நேராது. அவருக்கு அது பிழைப்பு. கிரகணம் சொன்ன நேரத்தில் பிடிக்காவிட்டால் ஊர் கேட்கும். அந்தத் தரையில் யார் உட்காரலாம், யார் திண்ணைக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற கேள்வியும் என் மாடிப்படிக்குக் கீழே வராது. சுவடிகளை மின்படமாக்குவதும் அப்படித்தான். வீட்டில் இருந்தபடி ஏடு புரட்ட முடிகிறது, நல்லதுதான். ஆனால் படமெடுக்க முடிவது எழுதப்பட்டதை மட்டும். சோழிக் கணக்குக்கு ஏடு ஏது?

அதே நேரம், அந்தக் கணக்கு செத்துப்போய்விட்டதாகவும் நினைக்க வேண்டாம். 2025 மார்ச்சில் சனிப் பெயர்ச்சி என்று ஊரெல்லாம் பேச, திருநள்ளாறு கோயில், எங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான், பெயர்ச்சி 2026இல் என்று அறிவித்தது நினைவிருக்கும். வானத்தில் கண்ட இடத்தோடு ஒத்துவர வேண்டும் என்பது திருக்கணிதம். வந்த வழி மாறக்கூடாது என்பது வாக்கியம். இந்தச் சண்டைக்கு வயது நூற்றைம்பதுக்கும் குறையாது. சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். பகலில் பஞ்சாங்கத்தைத் திருத்தச் சொல்லி வாதாடி, இரவில் தொலைநோக்கி வழியாக 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டவர். 1874இல் வெள்ளிக் கடப்பை விளக்கி ஒரு சிறுநூலும் எழுதினார். கணக்கின் வாயும் கருவியின் கண்ணும் ஒரே உடம்பில் இருந்த மனிதர். அவரைப் பற்றி இன்னும் நிதானமாக எழுத வேண்டும்; இந்தக் கட்டுரையில் இடமில்லை.

சோழிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். 128வரை வந்ததைப் பற்றி அத்தையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பாதிக்கு மேல் கேட்கவில்லை. பையைக் கவிழ்த்துச் சோழிகளைப் பாயில் கொட்டி, உள்ளங்கையால் ஒரு வீச்சில் பரப்பினாள். ஒரு கணம் பார்த்தாள்.

"ஒரு பசு குறையுதே."

எண்ணவில்லை. உதடு அசையவில்லை, விரல் மடக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, சோழிகளை மறுபடி பைக்குள் அள்ளத் தொடங்கினாள். வீட்டுக்கு வந்து, டார்ச் அடித்து, மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் எட்டாத மூலையில் தேடினேன். நாலு கிடந்தன.